கட்டி இல்லை, ஆனால் தலைக்குள் அழுத்தம்: பார்வை போகாமல் காப்பது எப்படி

என் தங்கைக்கு அப்போது 27 வயது. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிமிரும்போதெல்லாம் இரண்டு மூன்று விநாடி கண் இருட்டிக்கொண்டு வருகிறது, கரண்ட் போய் வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைவலி அதற்கும் இரண்டு மாதம் முன்பிருந்தே இருந்தது. சைனஸ் என்றார்கள், மைக்ரேன் என்றார்கள், செல்போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் சோதித்தபோது கடைசி வரிவரை பிசகில்லாமல் படித்தாள், அதனால் கண்ணில் ஒன்றும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். அந்த நிம்மதிதான் நாங்கள் செய்த தப்பு. நான்கு மாதம் கழித்து ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்த்தபோதுதான் இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருப்பது தெரிந்தது. அதற்குள் இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பி வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. இந்த நோயோடு ஆறு வருடமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஒரு குடும்பத்து ஆள். எந்தப் பரிசோதனையை எதற்குச் செய்கிறார்கள், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்கு பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்கு இரண்டு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் மாத்திரை வாங்காதீர்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது, சுரக்கிற அளவுக்கே மூளையின் பெரிய ரத்தக் குழாய்கள் வழியாக வடிந்தும் போகிறது. வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது இல்லையா, அதனால் தலை வலிக்கிறது. கண் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை மூளையின் உறையோடு ஒட்டித் தொடர்ந்து வருவது, அதற்குள்ளும் இதே நீர்தான், எனவே அழுத்தம் நேராகக் கண்ணின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்து நரம்பை நெரிக்கிறது. கண் நரம்பு வீக்கம் என்று சொல்வது இதைத்தான். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால், பின்னால் டாக்டர்கள் ஏன் தலைவலியைப் பற்றி ஒரு கேள்வியும் கண்ணைப் பற்றிப் பத்துக் கேள்வியும் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

மூளையில் கட்டி இருந்தால் வரும் அறிகுறிகள் எல்லாம் இருக்கும், ஸ்கேன் எடுத்தால் கட்டி இருக்காது. அதனால் 1904ல் மாக்ஸ் நோன்னே என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் இதற்கு 'சூடோட்யூமர்' என்று பெயர் வைத்தார், பொய்க்கட்டி என்று பொருள். 1950களில் 'தீங்கற்ற மண்டை அழுத்தம்' என்று இன்னொரு பெயர் வந்தது. பார்வையே போகக்கூடிய ஒன்றைத் தீங்கற்றது என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அதனால் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது 'இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன்', சுருக்கமாக ஐ.ஐ.எச். பழைய சீட்டில் பி.ஐ.எச். என்று எழுதியிருந்தாலும் இதேதான். அதில் வரும் 'பினைன்', அதாவது தீங்கற்ற, என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஹைப்பர்டென்ஷன் என்றதும் பி.பி. என்று நினைத்துவிடுவார்கள். இது ரத்த அழுத்தம் இல்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

பெரும்பாலும் 20 முதல் 45 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு, அதிலும் சமீபத்தில் எடை கூடியவர்களுக்கு வருகிறது. மொத்த மக்கள்தொகையில் வருடத்துக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, உடல் பருமன் உள்ள இந்த வயதுப் பெண்களில் பத்து மடங்குக்கும் மேல். ஆண்களுக்குக் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் அவர்களுக்குப் பார்வை இழப்பு ஆபத்து அதிகம். குழந்தைகளுக்கும் வரலாம், வயதுக்கு வராத பிள்ளைகளில் எடைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை.

தலைவலியை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அது மைக்ரேன் மாதிரியே இருக்கும். இதைத் தனியாகக் காட்டிக்கொடுப்பவை வேறு. குனிந்தாலோ சட்டென்று எழுந்தாலோ சில விநாடி பார்வை மங்கித் திரும்புவது ஒன்று. காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ்... உஸ்...' என்று ஒரு சத்தம், ராத்திரி அமைதியில் தலையணையில் காதை வைத்துப் படுத்தால் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிற மாதிரி கேட்பது இன்னொன்று. என் தங்கை உண்மையிலேயே அதை மோட்டார் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள். தூரத்தில் இருக்கும் பொருள் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிவதும் உண்டு, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அழுத்தத்தில் சோர்ந்து போவதால். கழுத்து வலி, முதுகு வலியும் நிறைய பேருக்கு இருக்கிறது, அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதில் எது இருந்தாலும், தலைவலி மாத்திரையோடு நிறுத்தாமல், சொட்டு மருந்து விட்டு கண் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபண்டஸ் பார்க்க வேண்டும் என்று கேட்டால் போதும், எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் புரியும். எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரப் பார்வைதான் முதலில் அரிக்கப்படும். 6/6 என்று சீட்டில் எழுதியிருக்கும்போதே கண் உள்ளே சேதமாகிக்கொண்டிருக்கலாம், எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

கண்ணில் வீக்கம் என்று சொன்ன பிறகு

இரண்டு கண்ணிலும் நரம்பு வீக்கம் என்றால் அன்றைக்கோ மறுநாளோ நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. முதல் வேலை பி.பி. பார்ப்பது. ரத்த அழுத்தம் மிக அதிகமாக ஏறினாலும் இதே வீக்கம் வரும், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். அடுத்தது ஸ்கேன். எம்.ஆர்.ஐ. சீக்கிரம் கிடைக்காவிட்டால் முதலில் சி.டி. எடுத்து பெரிய கட்டி, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிடுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். மூளைக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது, மூளையின் சிரைகளைப் பார்க்கும் வீனோகிராமும் சேர்த்து எடுக்க வேண்டும், எம்.ஆர்.வி. என்று எழுதுவார்கள். ஏனென்றால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் தலைவலி, கண் நரம்பு வீக்கம், கட்டி இல்லாத ஸ்கேன் என்று எல்லாம் இதே மாதிரிதான் வரும். சிகிச்சை மட்டும் வேறு, அதற்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து உடனே தொடங்க வேண்டும். பிரசவமாகி சில வாரம் ஆனவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதில் முக்கியம். கல்யாணம், கோயில் விசேஷம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று பல பெண்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வலிப்பு, காய்ச்சல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், நினைவு மங்குவது, இவை இருந்தால் அது ஐ.ஐ.எச். இல்லை, வேறு ஏதோ நடக்கிறது, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது அதில் உள்ள வார்த்தைகளைக் கூகுளில் தேடுவது. 'எம்ப்டி செல்லா' என்று இருக்கும், பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் குழி காலியாகத் தெரிகிறது என்று அர்த்தம். கண்ணின் பின்பக்கம் தட்டையாகியிருக்கிறது, கண் நரம்பைச் சுற்றி நீர் கூடியிருக்கிறது, பக்கவாட்டுச் சிரை குறுகியிருக்கிறது என்றெல்லாமும் வரும். நீண்ட நாள் அழுத்தத்தின் தடயங்கள் இவை. ஆனால் எம்ப்டி செல்லா மட்டும் தனியாக இருப்பதால் நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும். அதே மாதிரி, கண்ணில் வீக்கம் போலத் தெரிவதெல்லாம் வீக்கமும் இல்லை. பிறவியிலேயே நரம்பு முனை மேடாக இருப்பவர்கள், அதில் சுண்ணாம்புத் துகள் படிந்தவர்கள் உண்டு, அவர்களுக்குத் தேவையில்லாமல் முதுகில் ஊசி போட்டு வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்த கதையும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் கண் நரம்பை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் கண்ணின் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். நரம்பு சம்பந்தப்பட்ட கண் நோய்களைப் பார்க்க நியூரோ ஆஃப்தல்மாலஜி என்று தனிப் பிரிவு பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, ஒரு முறையாவது அங்கே காட்டிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ, வளர்ச்சி ஹார்மோன் ஊசி, லித்தியம், இவை அழுத்தத்தை ஏற்றலாம். நாள்பட ஸ்டீராய்டு எடுத்துவிட்டு நிறுத்தும்போதும் ஏறும். பருவுக்கான மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, நினைவுபடுத்திச் சொல்லுங்கள். கடுமையான ரத்தசோகையும் காரணமாகலாம், ஆகவே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பலமான குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

முதுகில் நீர் எடுப்பது: பயப்பட வேண்டாம்

எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் நடந்தது. முதுகில் ஊசி போட்டால் இடுப்பு போய்விடும், கால் விளங்காமல் போகும் என்று அத்தை ஒருத்தர் சொல்லி, அம்மா கையெழுத்துப் போடவே மறுத்துவிட்டார். அம்மாவிடம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கு சிசேரியன் நடந்ததா, அப்போது எங்கே ஊசி போட்டார்கள்? இதுவும் ஏறக்குறைய அதே இடம்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் முதல் இரண்டு கட்டுக்குள் முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் கீழேயோதான் போகிறது. அங்கே வெறும் நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன, ஊசி வந்தால் விலகிக்கொள்ளும்.

ஸ்கேன் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அழுத்தத்தை அளக்கும்போது பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவை நம்ப முடியாது. ஊசி உள்ளே போனதும், சுருட்டி வைத்திருந்த காலை மெதுவாக நீட்டச் சொல்வார்கள். அப்போது மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்காமல், சாதாரணமாக மூச்சு விடுங்கள். பயத்தில் உடம்பை முறுக்கினால் அளவு பொய்யாக ஏறிவிடும். பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் நீர் அளவும் அதற்கு மேலும் இருந்தால் அதிகம், பிள்ளைகளுக்கு 28. என் தங்கைக்கு 38 இருந்தது. இந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், 'ஓப்பனிங் பிரஷர்' என்று இருக்கும், பின்னால் எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதுதான்.

எடுத்த நீரில் செல், புரதம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் மூளை உறையைத் தாக்குவது அபூர்வம் இல்லை, அதிலும் அழுத்தம் ஏறும், அதனால் இந்தப் பரிசோதனை முடிவு வராமல் ஐ.ஐ.எச். என்று முத்திரை குத்தக் கூடாது. மெல்லிய, முனை மழுங்கிய வகை ஊசி இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம், பின்னால் வரும் தலைவலி அதில் குறைவு. அந்தத் தலைவலி உட்கார்ந்தால் வரும், படுத்தால் போகும். பழைய தலைவலியிலிருந்து அதைப் பிரித்தறிய இதுதான் வழி. தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும், அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

நீர் எடுத்த அன்றைக்குத் தலை லேசாகி, நோயே தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கு சுமார் 20 மில்லி சுரக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 மில்லி எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். அதனால் தலைவலி வரும்போதெல்லாம் மறுபடி மறுபடி நீர் எடுத்துக்கொண்டிருப்பது வைத்தியம் ஆகாது.

ஃபீல்டு டெஸ்ட்

என்னைக் கேட்டால் இந்த நோயில் எல்லாவற்றையும் விட முக்கியமான காகிதம் இதுதான். ஒரு கண்ணை மூடி, ஒரு கிண்ணம் மாதிரி இயந்திரத்துக்குள் பார்த்துக்கொண்டு, எங்கெங்கோ மினுக்கும் சின்ன வெளிச்சம் தெரியும்போது பட்டனை அழுத்த வேண்டும். எந்த இடத்தில் பார்வை குறைந்திருக்கிறது என்று கறுப்பு வெள்ளைப் படமாக வரும்: குருட்டுப் புள்ளி பெரிதாகியிருக்கிறதா, மூக்குப் பக்கம் கீழே தேய்ந்திருக்கிறதா என்று. சலிப்பான சோதனை, தூங்காமல் போனால் தப்பும் தவறுமாக வரும். முதல் தடவை பலருக்கும் சரியாக வராது, அதைப் பார்த்து இடிந்து போகாமல் இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள். ஓரிடத்தில் செய்த ஃபீல்டை இன்னோரிடத்தில் செய்ததோடு ஒப்பிடுவது கஷ்டம், முடிந்தவரை ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வகை இயந்திரத்தில் செய்யப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வரிசையாக ஒரு ஃபைலில் வையுங்கள். கூடவே கண் நரம்பின் போட்டோவும் ஓ.சி.டி. தாளும் இருந்தால், கூடுகிறதா குறைகிறதா என்று எந்த டாக்டரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சிகிச்சை

மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: பார்வையைக் காப்பது, காரணத்தைக் குறைப்பது, தலைவலியைத் தணிப்பது. வரிசையும் அதுதான்.

பார்வைக்கு முதல் மருந்து அசிட்டசோலமைடு, நம் கடைகளில் டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும். அந்த நீர் சுரப்பதையே குறைக்கிறது. 250 மில்லிகிராம் மாத்திரையில் குறைந்த அளவில் தொடங்கி வாரா வாரம் ஏற்றுவார்கள். 2014ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 165 பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் உப்பும் எடையும் குறைக்கும் உணவு முறையும், பாதிப் பேருக்கு இந்த மாத்திரை ஒரு நாளைக்கு 4 கிராம் வரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களுக்குப் பார்வைப் பரப்பு கூடுதலாகத் தேறியது, நரம்பு வீக்கமும் குறைந்தது. 4 கிராம் எல்லோராலும் தாங்க முடிவதில்லை, பல பேர் ஒன்று இரண்டு கிராமிலேயே நின்றுகொள்கிறார்கள்.

இதைத் தொடங்கிய முதல் வாரத்தில் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சோடா, கூல்டிரிங்ஸ் எல்லாம் சப்பென்று உலோகம் மாதிரி ருசிக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோர்வாக இருக்கும். என் தங்கை இரண்டாம் நாளே பக்கவாதம் வருகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள், யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. மருந்து வேலை செய்வதற்கான அடையாளம்தான் அந்த மதமதப்பு. சிறுநீரகக் கல் வரலாம், நம் ஊர் வெயிலில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை, தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்க வேண்டும். பொட்டாசியம், பைகார்பனேட், கிரியாட்டினின் மூன்றையும் இடையிடையே ரத்தத்தில் பார்க்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

டோப்பிரமேட் என்று இன்னொரு மாத்திரை உண்டு. மைக்ரேனுக்கும் உதவும், பசியையும் குறைக்கும், அதனால் சிலருக்குப் பொருந்தும். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும், கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும், வார்த்தை சட்டென்று வாயில் வராத மாதிரி ஒரு மந்தமும் சிலருக்கு வரும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு இதை எழுதும்போது டாக்டர் இதைப் பேசவில்லை என்றால் நீங்கள் பேசுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வேகமாக வடியும், நிறுத்தினால் திரும்ப ஏறும், எடையும் கூடும், அதனால் நாள்பட்ட வைத்தியமாக அதை வைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது எடை. இதைச் சொல்லும்போது எனக்கு வார்த்தையில் கவனம் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'குண்டாக இருப்பதால் உனக்கு இது வந்தது' என்று சொந்தக்காரர்கள் சொன்னது என் தங்கையை நோயை விட அதிகமாக நோகடித்தது. இது அவள் செய்த குற்றம் இல்லை. ஆனால் எடை இறங்கினால் அழுத்தம் இறங்குகிறது என்பதும் உண்மை, மாத்திரையை ஒருநாள் நிறுத்த வேண்டுமானால் கடைசியில் கைகொடுப்பது அதுதான். உடல் எடையில் 5 முதல் 15 சதவீதம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 12 கிலோ. ஒரு மாதத்தில் இறக்க வேண்டியது இல்லை. எங்கள் வீட்டில் பலித்தது, மதியச் சோற்றை இரண்டு கரண்டி குறைத்து காயைக் கூட்டியது, சாயங்கால டீயில் சர்க்கரையையும் அதோடு வரும் பஜ்ஜியையும் நிறுத்தியது, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஏறும் வழிகளை அடைத்தது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தக் குடும்பமும் தெருவில் முக்கால் மணி நேரம் நடந்தது. அவளை மட்டும் தனியாகப் பத்தியம் இருக்க வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அசிட்டசோலமைடோ டோப்பிரமேட்டோ எடுக்கும்போது கீட்டோ மாதிரி உணவு முறையில் தானாக இறங்க வேண்டாம், ரத்தத்தில் அமிலத்தன்மையும் கல் ஆபத்தும் கூடும். எடை மிக அதிகமாக இருந்து எதுவும் பலிக்காதவர்களுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை ஒரு வழி. 2021ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 66 பெண்களில், உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இருந்தவர்களை விட அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் தலைக்குள் அழுத்தம் கூடுதலாக இறங்கியிருந்தது.

ஒல்லியாக இருப்பவருக்கு இது வந்தால் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் சிரை அடைப்பு, மருந்து, ரத்தசோகை என்று வேறு காரணங்களை இன்னொரு சுற்று தேட வேண்டும்.

தலைவலி தனிக்கதை. அழுத்தம் இறங்கி, நரம்பு வீக்கம் வடிந்த பிறகும் தலைவலி மைக்ரேன் மாதிரி தொடரலாம், அதற்குத் தனியாக மருந்து கொடுப்பார்கள். நாமாகச் செய்யும் கெடுதல் ஒன்று இருக்கிறது, மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். காலண்டரில் மாத்திரை போட்ட நாளைச் சுழித்து வையுங்கள், எத்தனை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: தலைவலி இல்லாமலேயே பார்வை குறைந்துகொண்டு போகலாம். வலி விட்டுவிட்டது, இனி செக்கப் எதற்கு என்று நிறுத்தியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்போது அறுவை சிகிச்சை

சிலருக்கு மிக வேகமாக, நாள் கணக்கிலோ சில வாரத்திலோ பார்வை இறங்கும். நேற்றைக்கு இன்றைக்கு மங்கலாக இருக்கிறது, பக்கத்தில் வருபவர் தெரியவில்லை, நிறம் வெளுத்துத் தெரிகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போய், கண் நரம்பு வீக்கம் இருக்கிறது, பார்வை இறங்குகிறது என்று இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்க்க அங்கே நேரம் இல்லை.

செய்யப்படும் சிகிச்சைகள் மூன்று வகை. கண் நரம்பின் உறையில் சின்னத் திறப்பு வைத்து அழுத்தத்தை விடுவிப்பது ஒன்று, தலைவலியை விடப் பார்வைதான் பிரச்சினை என்றால் இது. மூளையிலிருந்தோ முதுகிலிருந்தோ வயிற்றுக்குள் குழாய் வைத்து நீரை வடிப்பது ஷண்ட், வேகமாக வேலை செய்யும், ஆனால் அடைத்துக்கொள்வது, கிருமி தொற்றுவது என்று மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போவது சாதாரணம். மூன்றாவது, குறுகிப்போன சிரைக்குள் ஸ்டென்ட் வைப்பது, அதற்குப் பிறகு பல மாதம் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுக்க வேண்டும். எது சிறந்தது என்று கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் எதை அடிக்கடி செய்து பழகியிருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பேன். தலைவலிக்காக மட்டும் ஷண்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தை, கல்யாணம், திரும்ப வருவது

இந்த நோய் இருந்தால் குழந்தை பெறக் கூடாது என்று சொல்வது தவறு. முன்கூட்டியே திட்டமிட்டு, டோப்பிரமேட் எடுத்தால் அதை மாற்றிக்கொண்டு, அசிட்டசோலமைடைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்துவிட்டுப் போனால் போதும், கர்ப்பம் முழுக்கக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஐ.ஐ.எச். இருப்பதாலேயே சிசேரியன்தான் என்றும் இல்லை. என் தங்கைக்கு இரண்டு வருடம் முன்பு மகன் பிறந்தான், சுகப்பிரசவம். பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறியபோது காதில் அந்த மோட்டார் சத்தம் திரும்ப வந்தது, இந்த முறை அவளே ஒரு வாரத்துக்குள் போய் ஃபீல்டு செய்துகொண்டாள், வலது கண்ணில் வீக்கம் ஆரம்பித்திருந்தது, பார்வை எதுவும் போகவில்லை.

ஆரம்பத்தில் வீக்கம் அதிகமாக இருக்கும்போது ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, அடங்கிய பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்று வரச் சொல்வார்கள். போகும்போது பழைய ஃபீல்டு தாள்கள், ஓ.சி.டி., எம்.ஆர்.ஐ. பதிவு செய்த டிஸ்க், ஓப்பனிங் பிரஷர் எழுதிய சம்மரி, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டை, இன்றைய எடை எல்லாம் அந்த ஒரே ஃபைலில் இருக்கட்டும். சொட்டு மருந்து விட்டால் மூன்று நான்கு மணி நேரம் கண் கூசும், கிட்டப்பார்வை மங்கும், அதனால் நோயாளி வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, யாராவது கூடப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான், அடுத்த முறை வரும் 14ஆம் தேதி.